வாங்கிய புத்தகம் வாசலுக்கு வரவேண்டாமா?

 

எங்கள் தாப்பாவில் மழை பிடித்துக்கொண்டால் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எதிர்வீட்டுப் பெண் கையில் குடையும் முகத்தில் கவலையுமாக என் வாசலில் வந்து நின்றாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அந்தக் குடும்பத்தில் மேற்படிப்புக்குப் போன முதல் பிள்ளை இவள்தான். பி.டி.பி.டி.என். கடன் எடுத்துப் பாலர் கல்வி படிக்கிறாள். அந்தப் பருவத்தில் பாதி வகுப்புகள் இணையத்தின் வழி நடந்ததால், வீட்டில் இருந்தபடியே படித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், உங்ககிட்ட கிரெடிட் கார்டு இருக்கா?” என்றாள்.

“எதுக்கும்மா?”

“ஒரு கட்டுரை வாங்கணும் டீச்சர். ரெண்டு மொழி பேசுற பிள்ளைங்க எப்படி வாசிக்கக் கத்துக்கிறாங்கன்னு எழுதியிருக்காங்க. என் இடுபணிக்கு அது வேணும். 35 டாலராம். அமெரிக்க டாலர். மாசம் பத்து வெள்ளியா உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 150 வெள்ளி! ஒரே ஒரு கட்டுரைக்கு! இந்த மழையில் அவள் அப்பா எத்தனை நடை லாரி ஓட்டினால் அந்தப் பணம் மிஞ்சும் என்று நினைத்தபோது எனக்கே நெஞ்சு கனத்தது. கார்டை எடுப்பதற்கு முன், ஈப்போவில் இருக்கும் ஓர் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“பணம் கட்டாதீங்கம்மா, பொறுங்க!” என்றார் அவர். “அந்தப் பிள்ளையோட கல்லூரி அந்த ஏட்டுக்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு, கல்லூரி நூல்நிலையப் பக்கத்துக்குள்ள போகச் சொல்லுங்க. அங்கே கட்டுரையின் தலைப்பைத் தேடச் சொல்லுங்க.”

பத்தே நிமிடம். கைப்பேசித் திரையில் அந்தக் கட்டுரை முழுதாகத் திறந்துகொண்டது. ஒரு காசு கேட்கவில்லை.

அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. “ஒன்றரை வருஷமா இது எனக்குத் திறந்தே இருந்துச்சா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முந்திய இரண்டு இடுபணிகளிலும் ஆதார நூல்கள் போதவில்லை என்று மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். ‘நமக்கு இந்தப் படிப்பெல்லாம் சரிப்படாது’ என்று அவளே முடிவு கட்டி, இந்தப் பருவத்தோடு நின்றுவிடுவதாக அம்மாவிடமும் சொல்லிவிட்டாளாம்!

வாசகர்களே, இந்த இதழில் நான் பேச வந்தது இதைத்தான். பிள்ளைக்கு அறிவு போதாமல் இல்லை. உழைப்பும் போதாமல் இல்லை. வாங்கி வைத்த புத்தகம் அலமாரியில் இருந்தது. அதற்குப் போகும் வழி அவள் பாடம் படிக்கும் இடத்தில் இல்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தப் பார்த்தது.

நம் காலத்தில் கல்லூரி என்றால் கட்டடம். வகுப்பறை ஒரு பக்கம், நூல்நிலையம் ஒரு பக்கம். வகுப்பு முடிந்தால் கால்கள் தாமாக நூல்நிலையத்துக்குப் போகும். இன்றைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதைப் பாடத்தளம் என்று சொல்வோம். விரிவுரையாளரின் குறிப்புகள், இடுபணி, கேள்வித்தாள், மதிப்பெண் எல்லாம் அதில்தான். நம் தாப்பா ரோடு ரயில் நிலையத்துக்கு வடக்கே கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 2007 முதல் வளாகம் நடக்கிறது. தெற்கே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமானது. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு 2000-இல் தோன்றிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. அதன் நூல்நிலையத்துக்குப் பெயரே மின்னியல் நூல்நிலையம். இவை எல்லாவற்றிலும் பாடத்தளமும் உண்டு, மின்னூல்களும் உண்டு.

இந்தப் பாடத்தளங்களுக்கு அடிப்படையாகப் பல நாடுகளில் பயன்படும் ‘மூடில்’ என்ற மென்பொருளின் கதை, தோட்டத்துப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை. அதை 2002-இல் வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ். அவர் சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. சிற்றலை வானொலி வழியாக ஆசிரியரின் குரலைக் கேட்டுத்தான் பாடம் படித்தார். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் கஷ்டம் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கல்லூரிக் கதவுகள் எல்லாம் மூடியபோது, பிள்ளைகளுக்குக் கல்லூரி என்று மிஞ்சியது இந்தப் பாடத்தளம் ஒன்றுதான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதியதை நாமெல்லாம் பார்த்தோம். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு பக்கத்தைத் திறக்கிறாள் என்றால், வேண்டியது அந்தப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இன்னொரு மரத்தைத் தேடி ஏறச் சொல்லக்கூடாது.

சரி, எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் பாடத்தளத்தில் என்ன குறை இருந்தது? அவள் திறந்து காட்டினாள். நூல்நிலையம் என்ற சொல் அங்கே இல்லாமல் இல்லை. மேலே ஓர் ஓரத்தில் ‘நூல்நிலையம்’ என்று எழுதியிருந்தது. அழுத்தினால் முன்வாசலில் கொண்டுபோய் விடும். உள்ளே எத்தனை அறை, எதில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? பெரிய சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், “எல்லாம் இங்கே இருக்கிறது, வாங்கிக்கொள்” என்று விட்டுவிட்டு வருவது போலத்தான்.

விரிவுரையாளர் மூன்றாம் வாரப் பாடத்தில் அந்தக் கட்டுரையின் இணைப்பையும் போட்டிருந்தார். அதை அழுத்தினால்தான் 35 டாலர் கேட்டது! ஆனால் அவருடைய அறையில் அது இலவசமாகத் திறந்திருக்கிறது. அவரும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. இது எப்படி என்று ஈப்போ அண்ணன் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோட்டத்து வாசலில் ஜாகா நிற்பார் அல்லவா? தோட்டத்து லாரி வந்தால் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார். வெளி லாரி வந்தால் நிறுத்திக் கேள்வி கேட்பார். ஆய்வு ஏடுகளை வெளியிடும் நிறுவனங்களும் அப்படித்தான். கல்லூரி சந்தா கட்டும்போது, தன் வளாகத்துக் கணினிகளின் இணைய எண்களைக் கொடுத்துவிடுகிறது. வளாகத்துக்குள் இருந்து வருபவரை ஜாகா பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிடுகிறார். நம் பெண்ணோ தாப்பாவில் வீட்டு இணையத்தில் இருந்து போகிறாள். ஜாகாவுக்கு அவள் வெளியாள். “பணம் கட்டு” என்கிறார்.

இதற்கு வழி இல்லையா? உண்டு. கல்லூரியின் லாரியிலேயே ஏறிக்கொண்டு போனால் வெளியாளும் உள்ளாள் ஆகிவிடுகிறார். நூல்நிலையத்தின் கணினி நடுவே நின்று, மாணவர் எண்ணைச் சரிபார்த்து, தன் பெயரிலேயே அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அதற்குப் ‘புரோக்ஸி’ என்று பெயர். இதற்காகவே ‘ஈசி புரோக்ஸி’ என்ற மென்பொருளை 1999-இல் எழுதியவர் ஓர் அமெரிக்கக் கல்லூரி நூலகர். வீட்டிலிருந்து படிக்கும் மாணவர்கள் வாசலில் நின்றுவிடக்கூடாதே என்ற கவலை ஒரு நூலகருக்குத்தான் முதலில் வந்திருக்கிறது, பாருங்கள்! ஆகவே விரிவுரையாளர் பாடத்தளத்தில் போடும் இணைப்பு, இந்தப் புரோக்ஸி வழியாகப் போகும் இணைப்பாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அவருக்குத் திறக்கும் கதவு மாணவருக்குத் திறக்காது.

ஐந்தாம் வாரத்து இணைப்பு ஒன்று திறக்கவே இல்லை. அதற்குக் காரணம் வேறு. கிளினிக்கில் நமக்கு ஒரு நம்பர் சீட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கு அது 27. அதே சீட்டை நாளைக்குக் கொண்டுபோனால் செல்லுமா? நூல்நிலையத்தில் தேடி எடுத்த கட்டுரையின் முகவரி, திரையின் மேலே நீளமாகத் தெரியும். பல நேரங்களில் அது அந்த நேரத்துக்கு மட்டும் கொடுத்த நம்பர் சீட்டு. அதை எடுத்து ஒட்டினால் மறுநாள் செல்லாது. பக்கத்திலேயே ‘நிலையான இணைப்பு’ என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைத்தான் எடுக்கவேண்டும்.

இன்னும் உறுதியானது ‘டி.ஓ.ஐ.’ என்ற எண். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளுக்கு இதைக் கொடுத்து வருகிறார்கள். எப்போதும் 10 என்று தொடங்கும். நம் ஐ.சி. நம்பர் மாதிரி. ஆள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனாலும் ஐ.சி. நம்பர் மாறுவதில்லை அல்லவா? கட்டுரை எந்த முகவரிக்குக் குடிபோனாலும் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். புரோக்ஸி வழியையும் இந்த எண்ணையும் சேர்த்துப் போட்டுவிட்டால், இணைப்பு கெடாமலும் இருக்கும், வீட்டிலிருந்தும் திறக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம்மவர் ஒருவரின் நினைவு வந்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இலண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் இன்றும் அவற்றைச் சொல்லித்தருகிறார்கள். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது அதன் அடிப்படை. வாசிப்பவரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதும் அந்த ஐந்தில் ஒன்று.

அதே 1931-இல் தஞ்சை மாவட்டத்து மன்னார்குடிக்கு அருகே மேலவாசல் என்ற ஊரில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு காரியம் செய்தார். மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அரங்கநாதன்தான். வயலில் வேலை செய்தவர்கள் நூலகம் எங்கே என்று தேடிப் போகவில்லை. வண்டி அவர்கள் வாசலுக்கு வந்தது. பாடத்தளத்தில் வைக்கும் ஒரு நல்ல இணைப்பு அந்த மாட்டுவண்டிதான். பிள்ளை பாடம் படிக்கும் இடத்துக்கே புத்தகம் வரவேண்டும்.

தமிழில் இது நடந்தே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. அதன்படி 2001 பிப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உண்டாக்கியது அது. மழலைப் பாடம் முதல் பட்டப்படிப்பு வரை இருக்கிறது. அதே தளத்தில் மின்னூலகமும் இருக்கிறது. சங்க இலக்கியம், உரைகள், அகராதிகள், கோயில்களையும் கலைகளையும் காட்டும் பண்பாட்டுக் காட்சியகம் எல்லாம் உண்டு. பாடமும் நூல்நிலையமும் ஒரே கூரையின் கீழ்! அந்த மின்னூலகத்தை வாசிக்க நீங்கள் மாணவராக இருக்கவேண்டியதும் இல்லை. அதற்கும் முன்பே, 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தோன்றிய நூலகம் தளம் இருக்கிறது. தமிழ் படிக்கும் பிள்ளைகளின் பாடத்தளத்தில் இந்த மூன்றுக்கும் வழி போட்டு வைக்க ஒரு காசு செலவில்லை.

இனி, யார் யார் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் பிள்ளைகளுக்கு. தம்பி, தங்கச்சி, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நூல்நிலையப் பக்கத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடு. உன் மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் அங்கே செல்கின்றனவா என்று பார். செல்லவில்லை என்றால் அன்றைக்கே நூலகரைக் கேள். இடுபணி கொடுத்த இரவில் கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு கட்டுரை பணம் கேட்டால், உடனே கையை வைக்காதே. தலைப்பை எழுதிக்கொண்டு நூல்நிலையப் பக்கத்தில் தேடு. அங்கும் இல்லையென்றால் நூலகருக்கு எழுது. மற்ற நூல்நிலையத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல கல்லூரிகளில் உண்டு. யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய ஆய்வு ஏடுகளுக்கு ஒரு பட்டியலும் இருக்கிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கியது அது.

இன்னொன்று. கேட்ட கேள்விக்கு உடனே பதில் எழுதித் தரும் கணினிக் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அவை சில வேளை இல்லாத புத்தகத்தையும் எழுதாத கட்டுரையையும் இருப்பதாகவே சொல்லிவிடும். அது சொன்ன பெயர் உன் நூல்நிலையத்தில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதிவிடாதே. மாட்டிக்கொள்பவள் நீதான், கருவி அல்ல.

அடுத்து, வகுப்பு நடத்தும் நம் பிள்ளைகளுக்கு. நம்மவர்கள் எத்தனையோ பேர் இன்று விரிவுரையாளர்களாக இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தையும் வாசிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூல்நிலையத்துக்கு ஒரே ஓர் இணைப்பைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எந்த வாரப் பாடமோ அந்த வாரத்தின் கீழேயே, எதை வாசிக்கவேண்டும் என்று வையுங்கள். இரண்டு வரி எழுதுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, அதில் எதைக் கவனிக்கவேண்டும் என்று. முப்பது தலைப்பைக் கொட்டுவதைவிட மூன்றைச் சொல்வது மேல். அப்புறம், உங்கள் வீட்டிலிருந்து, கைப்பேசியில், ஒரு மாணவரைப் போல அந்த இணைப்பை அழுத்திப் பாருங்கள். அறையில் திறந்தால் போதாது.

புத்தகம் முழுவதையும் நகலெடுத்துத் தளத்தில் ஏற்றிவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. நல்ல மனந்தான். ஆனால் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இணைப்புக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அதோடு எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதும் நூல்நிலையத்துக்குத் தெரியும். வாசிப்பார் இல்லை என்று அடுத்த ஆண்டு அந்தச் சந்தாவை நிறுத்திவிட மாட்டார்கள். மின்னூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில மின்னூல்களை ஒரே நேரத்தில் ஒருவரோ மூவரோதான் திறக்க முடியும். உரிமை அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். நாற்பது பேர் வகுப்புக்கு அதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பருவம் தொடங்கும் முன்பே நூலகரிடம் சொல்லிவிடுங்கள். அவரால் ஏதாவது செய்ய முடியும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. “எனக்குக் கணினி தெரியாதே, நான் என்ன செய்ய?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்களுக்குக் கணினி தெரிய வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். “சாப்பிட்டியா?” என்று கேட்கிறோம், “பணம் இருக்கா?” என்று கேட்கிறோம். அதோடு, “உன் கல்லூரி நூல்நிலையத்துக்குள்ள போய்ப் பார்த்தியா?” என்றும் கேளுங்கள். நீங்கள் கட்டும் கட்டணத்திலும், பிள்ளையின் பெயரில் ஏறும் கடனிலும் அந்த நூல்நிலையத்தின் செலவும் அடங்கியிருக்கிறது. அது யாரோ போடும் தருமம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோமா?

கல்லூரிக்குப் போகாதவர்களுக்கும் வழி உண்டு. நம் நாட்டுத் தேசிய நூல்நிலையத்தில் யாரும் உறுப்பினராகலாம். அதன் மின்னூல்களைக் கைப்பேசியிலேயே வாசிக்கலாம்.

நம்மவர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. தாங்கள் படிக்க முடியாத படிப்புக்குக் காசு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கொடுத்த காசுக்குரிய புத்தகத்தைத் திறக்கத் தெரியாமல் இருக்கலாமா?

எதிர்வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இடுபணியை முடித்து அனுப்பினாள். அதோடு விடவில்லை. எந்தெந்த வாரத்து இணைப்பு வீட்டிலிருந்து திறக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, மரியாதையாக விரிவுரையாளருக்கு அனுப்பினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே அம்மா” என்று பதில் எழுதி, நூலகரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். இப்போது ஒவ்வொரு வாரப் பாடத்தின் கீழும் ‘இந்த வாரம் வாசிக்க’ என்று இரண்டோ மூன்றோ இருக்கின்றன. அழுத்தினால் திறக்கின்றன. நூலகரின் தொலைபேசி எண்ணும் அடியில் இருக்கிறது.

போன வாரம் அவள் அம்மா கேன்டீனிலிருந்து மிஞ்சிய நாசி லெமாக் இரண்டு பொட்டலத்தோடு வந்தார். “அக்கா, படிப்பை நிறுத்தப் போறேன்னு சொன்னவ, இப்போ ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எதையோ படிச்சிக்கிட்டே கிடக்கிறா. கரண்டு பில்லுதான் ஏறுது!” என்றார். குறைபோலச் சொன்னாலும் முகம் நிறையச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். இன்றைக்கு இரவு மறக்காமல் பிள்ளையிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.